எத்தனை டிகிரியிலிருந்து

சியூ ஹோக் மூன்று பெட்டிகளைக்
கண்ணாடிமேல் வைத்தான்.
பச்சை, எண்பது வெள்ளி.
சந்தைக்குப் போய்வரப் போதும்.
நீலம், முந்நூற்று இருபது.
சிவப்பின் விலையைச் சொல்லாமல்
என் செருப்பைப் பார்த்தான்.

‘எத்தனை டிகிரி வரை தாங்கும்?’ என்றேன்.
பார்வை மெல்ல முகத்துக்கு ஏறியது.

ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
எனக்கு எடைமேடை வேலை.
பழக்குலையோடு லோரி ஏறும், எண் எழுதுவேன்.
காலியாய்த் திரும்பும், இன்னொரு எண்.
இரண்டுக்கும் இடைப்பட்டதுதான்
பலர் வீட்டில் உலை.
எண்ணென்றால் எனக்குப் பயமில்லை.

பச்சையை செபாங்கில் ஏற்கெனவே பார்த்தாயிற்று.
நேர்கோட்டின் முடிவில்
நூற்று எழுபதிலிருந்து எழுபதுக்கு இறங்கவேண்டும்.
ஐந்தாவது சுற்றில்
மிதி கல்லாய் நின்றது,
கார் நிற்கவில்லை.
சரளைக் குழிதான் பிடித்துக்கொண்டது.
ஒரு வாரம் கதவிடுக்கிலிருந்து கல் உதிர்ந்தது.

ஆகவே சிவப்பு.
சூடேறிவிட்டால் அதற்கு ஈடில்லை;
வார்ப்பட்டை தோளில் தழும்பு போடும்.
சூடேறாவிட்டால்
பேர்சொல்லிக் கூப்பிட்டும் எழாத பிள்ளை.
ஊருக்குள் வேறு கத்தும்.
கோயில் முனையில் ஒருநாள்
ஐயர் தீபாராதனையைப் பாதியில் நிறுத்தி
எட்டிப்பார்த்தார்.

சனி இரவு மாட்டுவது, ஞாயிறு இரவு கழற்றுவது,
இதுதான் ஏற்பாடு.
தனசேகர் டார்ச் பிடிப்பார்.
கொசு அடிக்கும்போதெல்லாம்
வெளிச்சம் பக்கத்து வீட்டுக்குப் போய்வரும்.
அந்த ஞாயிறு இருவருக்கும் அசதி.
நாளைக்குப் பார்க்கலாம் என்றது நான்தான்.

திங்கள், ஆறே முக்கால்.
செம்பனைகளுக்கு நடுவே
ஈரச் சடக்கு, பனி.
முன்னே போன லோரி
ஒரு குலையை உதறிவிட்டுப் போயிருக்கிறது.
அதை ஓரமாக்க
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
நடுச்சாலையில் குனிந்திருந்தான்
வங்காளதேசத்துப் பையன் ஒருவன்.

மிதித்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
அப்புறம், கொஞ்சம்.

நின்றபோது
பம்பருக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவில்
அந்தக் குலை மட்டும் இருந்தது.
இரு கையிலும் அணைத்திருந்தான்.
இருபத்திரண்டு கிலோ,
என் கண் பாட்டுக்கு எடை போட்டது.
முள் குத்தியிருக்கும்.
இறக்கி வைத்துவிட்டு
‘கக்கா, ஓக்கே?’ என்றான்.
கேட்கவேண்டியவள் நான்.

அன்று மாலை சியூ ஹோக்கிடம் கேட்டேன்:
‘எத்தனை டிகிரியிலிருந்து பிடிக்கும்?’
அவன் கண்ணாடியைத் தேடினான்.
அந்த எண்
பெட்டியின் பின்பக்கம், எறும்பளவு எழுத்தில்.

நீலம் ஏழு சுற்றுக்குமேல் தாங்காது.
ஆறில் உள்ளே வந்துவிடுகிறேன்.
பையன்கள் கேட்டால்
டயர் என்கிறேன்.
சிவப்பு, அடுப்படியில்
அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.
பாதிகூடத் தேயவில்லை.