உட்புறம்

கெய்சர் வீதியில் நாலு கடை ஏறி
ஈர விரலால் துணி தொட்டுப் பார்த்தேன்.
பொலியெஸ்டர் வேண்டாம், வேர்வை குடிக்காது.
"யாருக்குத் தங்கச்சி, புள்ளைக்கா?"
தியேட்டருக்கு என்றேன்.
என்ன படம் என்றார்.

தொப்பியின் முன்னால் பெயர் தைக்கவேணும்,
அவசரத்தில் எல்லாரையும் "மிஸ்" என்று கத்தாமலிருக்க.
நெற்றி அகலம் நாலு விரல்.
மூன்று மொழி கொள்ளாது.
சிங்களத்தில் தைத்தேன்.
தமிழில் உள்ளே,
வேர்வை படுகிற பக்கம்.

இரத்தம் பட்டால் முதலில் பச்சைத்தண்ணி,
பிறகுதான் கொதிநீர்.
காயப்போடும்போது
உட்புறம் வெளியே திருப்பவேணும்.

வெள்ளவத்தை, உப்புக்காற்று.
பக்கத்துப் பல்கனிப் பொடியன்
கணக்குக் கொப்பியை விட்டுவிட்டு
எழுத்துக்கூட்டுகிறான்:
து, ள, சி...
காற்று
தொப்பியைத் திருப்பிவிட்டது.