பாதி நிரம்பி வந்தது

சுண்டுவிரல் நகத்தளவு பேட்டரி.
அதற்கு ஒரு வெள்ளைப் பெட்டி,
பெட்டிக்கு ஒரு வால்.
வாலைச் செருக எங்கள் வீட்டில்
மிக்ஸி போடும் பிளக் ஒன்றுதான் உண்டு.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில்
காது மிஷின் விற்ற பையன் சொன்னான்:
"எட்டு மணி நேரமெல்லாம் போட வேண்டாம்க்கா,
அது பழைய பேட்டரிக்குச் சொன்ன சட்டம்.
இது வரும்போதே பாதி நிரம்பித்தான் வரும்.
ஒரேயடியா காலியாக விடாதீங்க,
முட்ட முட்ட நிரப்பணும்னும் இல்ல.
இடையில போடலாம், எடுக்கலாம்.
சூடுதான் ஆகாது.
இதுக்கு ஞாபகம் கிடையாது."

கொழுந்தன் தளவாய் ஒப்பவில்லை.
"மொதச் சார்ஜுதான் மைனி அஸ்திவாரம்,
ராத்திரி பூரா கெடக்கட்டும்."
வயிறு ஊதிச் செத்த செல்போன் இரண்டு
அவன் பீரோவில் இருக்கிறது.

ஞாபகம் கிடையாதாம்.
எனக்கு இருக்கிறதே.

பழவூர்க் குவாரியில்
வெடி ஒன்று திரியை முந்திக்கொண்டு
பதினோரு வருசம்.
முகத்துக்கு நேரே பேசினால்
உதட்டை வாசித்துவிடுவார்.
அதனால் முதுகைப் பார்த்துப் பேசினேன்.
வளையலை அடகு வைத்ததை,
அதை மீட்காததை,
நாலாம் மாசம் கலைந்துபோனது
பெண்ணாகத்தான் இருந்திருக்கும் என்று
எனக்குத் தோன்றியதை.
வெங்காயம் நறுக்கிக்கொண்டே திட்டியும் இருக்கிறேன்,
வாய் கூசாமல்.

அடுப்பங்கரைச் சன்னலில் வெயில்.
பெட்டியை அரிசிப் பானைப் பக்கம் நகர்த்தினேன்.
ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.
அவர் எதிரே உட்கார்ந்து
சோறு வேகிறதா என்று பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குக் கரண்டு போய்விட்டது.
ஊரைச் சுற்றி நூறு காத்தாடி
ஆடிக் காற்றில் சுற்றிச் சுற்றி
யாருக்கோ கரண்டு பண்ணுகிறது.
எங்கள் தெருவுக்கு மத்தியானம் வரை இல்லை.

பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.
போதுமென்றுதானே பையன் சொன்னான்.
மாட்டிவிட்டேன்.

"கேக்குதா?"

முகத்தைச் சுளித்தார்.
"ஏன்ட்டி கத்துத?"

நான் கத்துகிறேன் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு அவர் வாசலுக்குப் போனார்.
கோழி, பால்வண்டி, எதிர்வீட்டு டிவி
எதையும் கேட்கவில்லை.
"அதுக்குச் சத்தம் உண்டுமா?" என்றார்.
எங்கள் வேலிக்கு அந்தாண்டை
ஆறு வருசமாகச் சுற்றும் காத்தாடியை
அன்றுதான் புதிதாய்க் கண்டவர்போல
கழுத்து வலிக்க நின்றார்.

ராத்திரி காதைக் கழற்றிப்
பெட்டிக்குள் வைத்தார்.
"முழுசும் நிரம்பணுமா?"
உதட்டால் சொன்னேன்: வேண்டாம்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
பழகிய முதுகு.
பழக்கத்தில் வாயைத் திறந்தேன்.

ஆரஞ்சு பச்சையாகும்வரை பார்த்திருந்தேன்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
அந்த இருட்டில்,
யாரும் இல்லாத பக்கம் பார்த்து,
"வளையலு..." என்று
சொல்லிப் பார்த்தேன்.
இன்னும் மெதுவாக,
இன்னொரு தடவை.