எண்ணத் தெரிந்தவன்

எண்ணுவது என் வேலை.
கெம்ச்சிக்கு அப்பால் கடலில் மிதக்கும் பன்னிரண்டு கூண்டுகளில்
காலைதோறும் செத்த சால்மன்களை அள்ளிப் போட்டு
எந்தக் கூண்டு, எத்தனை, என்ன காரணம் என்று
நீல நோட்டில் எழுதுவேன்.
கடல்சிங்கம் கடித்தது. பாசி பெருகியது. மூச்சு முட்டியது.
காரணத்துக்கென்று ஒரு பத்தி உண்டு.
தெரியாவிட்டால் கோடு போட்டுவிடலாம்,
கம்பெனிக்கு அது போதும்.

அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து இப்போது
அம்பாரோவை எழுதிக்கொண்டு வருகிறேன்.

செவ்வாய், காலை 6.40, விழித்ததும்.
பதினேழு தடவை. தடவைக்கு இரண்டு விநாடி.
இரு கையும் விரிகிறது, தலை கவிழ்கிறது.
எதிரே யாரோ பெரிய மனிதர் வந்து நின்றதுபோல்
ஏழு மாதக் குழந்தை குனிந்து வணங்குகிறது.
நிமிர்ந்து, அழுது,
மறுபடியும்.
யாரடி அது,
எங்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆள்?

திடுக்கிடும் சுபாவம் என்றார் ஊர் மருத்துவமனை நர்ஸ்.
வயிற்றில் புளிப்பு என்றார் இளம் டாக்டர்.
பல் முளைக்கிறது என்றாள் எதிர்வீட்டு நோல்பியா.
அடுப்பில் ஈர விறகு போட்டிருப்பாய் என்றான் படகுச் சீட்டுக் கொடுப்பவன்.
பதில் இல்லாத ஆளே ஊரில் இல்லை.

என்னிடம் இருந்தது நாற்பத்தொரு வீடியோ.
எல்லாவற்றிலும் தகரத்தில் விழும் மழை.
எல்லாவற்றிலும் எர்சீராவின் குரல்:
"போனைக் கீழே வை. அவளைப் பிடி."
நான் பிடிக்கவில்லை.
படம் எடுத்தேன்.
இதை நோட்டில் எழுதவில்லை.

நள்ளிரவுப் படகில் சக்காவோ கால்வாயைக் கடந்தோம்.
பக்கத்து லாரியில் எங்கள் கம்பெனி மீன்,
பலகை இடுக்கில் ஐஸ் உருகி ஒழுகியது.
எர்சீரா கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

புவேர்ட்டோ மொன்ட்டில் குழந்தையின் தலையில்
பசை தடவி வயர்களை ஒட்டினார்கள்.
ஒன்றைப் பிய்த்து வாயில் வைக்கப் பார்த்தாள்,
இருவரும் சிரித்துவிட்டோம்,
பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
டாக்டர் இபகாச்சே மூன்றாவது வீடியோவில் நிறுத்தி
நாற்காலியை எங்கள் அருகே இழுத்துப் போட்டார்.
நாற்காலி நகர்ந்த சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.
திரையில் வடக்குக் காற்று புகுந்த கடல்,
ஓர் அலைக்கும் இன்னோர் அலைக்கும் உறவில்லை.
"இதற்குப் பெயர் இருக்கிறது" என்றார்.
பெயரை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்,
மூன்று முறையும் எழுத்துப் பிழை.

பெயர் சரி. ஏன்?
மூளைப் படம் சுத்தம் என்றார்.
ரத்தம் சுத்தம். முதுகுத்தண்டு நீர் சுத்தம்.
ஒவ்வொரு சுத்தத்துக்கும் எர்சீரா
தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கர்ப்பத்தில் குடித்த மூலிகைத் தண்ணீரா,
மாடிப்படியில் ஒருநாள் சறுக்கியதா,
நான் கம்பெனி மருந்து வாடையோடு வந்து படுத்ததா?
"அதெல்லாம் இல்லை" என்றார் டாக்டர்.
"சில குழந்தைகளுக்குக் காரணம் கிடைப்பதே இல்லை."
ஒரு குப்பி ரத்தம் சாந்தியாகோவுக்கும்
அங்கிருந்து வேறு நாட்டுக்கும் போயிருக்கிறது.
மாதக் கணக்காகுமாம்.
"கடைசியாக எப்போது சிரித்தாள்?" என்று கேட்டார்.
நோட்டைப் புரட்டினேன்.
வலிப்பு இருந்தது, பால் இருந்தது, தூக்கம் இருந்தது.
சிரிப்புக்குப் பத்தி போடவில்லை நான்.
எர்சீரா சொன்னாள்: "பன்னிரண்டாம் தேதி. கெட்டில் விசிலடித்தபோது."

தினமும் தொடையில் ஊசி.
முகம் ஊதி, ஓயாத பசியில் கத்துகிறாள்.
பதினேழு, பதினொன்று, நான்கு, மறுபடி ஒன்பது, இரண்டு.
கீழே காரணம் என்ற பத்தி.
கோடு போடக் கை வரவில்லை, காலியாக விட்டிருக்கிறேன்.

இன்று காலை 5.50. விழித்தாள்.
கையில் போனை எடுக்காமல் அவளைத் தூக்கி மடியில் வைத்தேன்.
ஆஸ்பத்திரி விளக்கை ஏதோ கடன்காரனைப் பார்ப்பதுபோல்
முறைத்துக்கொண்டே இருந்தாள்.
"எழுது" என்றாள் எர்சீரா.
என்ன எழுத?
"முறைத்தாள் என்று எழுது."