கடைவாய்

பள்ளத்தூரில் இரவு ஒன்பது.
தேனம்மைக்கு மூன்று வயது முடியவில்லை.
பிரஷைக் கண்டால் வாய் கோட்டைக்கதவு;
உள்ளே சாயங்காலத்து மாவுருண்டை.

"சரி, முதல்ல எனக்குத் தேச்சுவிடு."
குழாயடியில் குந்தி வாயைத் திறந்தேன்.
எட்டிப் பார்த்தாள்,
டார்ச் வேறு கேட்டாள்.

"அப்பா, இங்க ஒரு பல்லக் காணமே?"
"போயிருச்சு."
"எதுத்த வீட்டுக்காரக மாதிரியா?
கலியாணத்துக்கு வருமா?"

எதிர்வீட்டுப் பூட்டு
போன தையில் திறந்தது,
எட்டு நாள்.

வாய் நிறைய நுரையோடு
"வராது ஆத்தா" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு தன் பிரஷை நீட்டி,
அரிசியளவு பேஸ்ட்டை முகர்ந்து பார்த்து,
"ஆ" என்றாள்.

எண்ணிக்கொண்டே தேய்த்தேன்.
இருபது பேரும் வீட்டில்தான்.
கடைசி ஆள் மட்டும்
மாவுருண்டையை விடுவதாயில்லை.