அணைந்த விளக்கின் கீழ்

இட்சுகோ இரவு பத்துக்கு விசையைத் தட்டுகிறாள்.
அட்சுமி தீபகற்பத்தில்
எழுபது குண்டு பல்புகளுக்குக் கீழே
செவ்வந்திகளுக்கு நடுநிசியில் விடிகிறது.
இரண்டு மணிவரை அதே பொய்:
இன்னும் கோடைதான், அவசரமில்லை.

நம் மொழியில் இந்தப் பூவின் பெயருக்குள்
ஓர் அந்தி இருக்கிறது.
அவளிடம் அதை யாரும் சொன்னதில்லை.
அவளுக்குத் தெரிந்தது கணக்கு:
அறுப்புக்கு ஐம்பது நாள் முன்னால் விளக்கை நிறுத்த வேண்டும்,
பிறகு எண்ணெய்க் கணப்பு,
பதினெட்டு டிகிரிக்குக் குறையாமல்.
இலை இருட்டை அளக்கும்,
நுனி மொட்டுக் கட்டும்,
புத்தாண்டுச் சந்தைக்கு லாரி வந்து நிற்கும்.

மூன்றாம் பாத்தியில் ஒரு பல்பு
எப்போது செத்ததோ.
ரியோஹெய் மருத்துவமனையில் கிடந்த வாரங்களில்
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

இன்று காலை
அத்தனை பச்சைக்கு நடுவே வெள்ளையாக ஒரு வட்டம்,
வெளிச்சம் விழாத இடத்தின் அதே அகலத்தில்.
இரண்டு மாதம் முந்திய பூ. விலை போகாது.

கத்தரியை எடுத்தாள்.
நாற்பத்தொரு தண்டு.
வாளித் தண்ணீரில் நிறுத்தினாள்.
சட்டைப்பையில் புதுப் பல்பு இருந்தது;
ஏணியை மட்டும்
நாளைக்கென்று சுவரில் சாய்த்துவிட்டாள்.