எடை பதினான்கு கிலோ

இரவு பத்து மணிக்கு
கதவைத் தோளால் தள்ளுகிறாள் லம்சிரா.
ஒரு கையில் பச்சானா, மூன்று வயது, பாதித் தூக்கம்.
மறு கையில் க்வான்த்ஸா, ஆறு வயது, முழு விழிப்பு.
கழற்றிய கையுறை பல்லிடுக்கில்.

திபிலிசியில் ஜனவரி.
மருத்துவமனையின் அடித்தளத்தில் மட்டும்
சித்திரை வெயில்.
ஆறு இயந்திரங்கள்
மாடி மாடியாக இறங்கி வரும் நோய்களைத்
துவைத்துக்கொண்டிருக்கின்றன.

பக்கத்து வீட்டு நாஸி
நேற்றுவரை பார்த்துக்கொண்டாள்.
இன்று அவள் மகளுக்குப் பிரசவ வலி.
காரணம் அவ்வளவுதான்.
பெரிய காரணம்
போலந்தில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறது.

மேற்பார்வையாளர் ஷோத்தா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
அது இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது.
பணியாளர்கள்: மூன்று
என்று தடவித் தடவி எழுதினார்.
குழந்தைகளுக்கென்று ஒரு கட்டம்
அச்சடிக்காதது அவர் பிழையா?

தரையில் ஒரு சிவப்புக் கோடு.
அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் வெளுப்பு.
கோடுதான் ஆறு,
தாண்டினால் முதலை என்று
தம்பிக்குச் சட்டம் சொன்னாள் க்வான்த்ஸா.
பிறகு தலையணை உறைகளை எண்ண உட்கார்ந்தாள்.
இருபத்தொன்பதுக்குப் பின்
அவளுக்கு எப்போதும் நாற்பதுதான்.

உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்த விரிப்புகள்
ஒரு தள்ளுவண்டி நிறைய.
இட்லித் துணிபோல் ஆவி.
அதற்குள் இறங்கி
பச்சானா உறங்கிப்போனான்.

மணி இரண்டு.
இயந்திரக் கதவில் சிக்கிய துணியை
முதுகு காட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.
திரும்பினால்
வண்டி இருந்த இடத்தில் தரை.

குரல் கொடுக்க முடியாது.
இல்லாத குழந்தையை
என்ன பெயர் சொல்லித் தேடுவது?
மூட்டைகளுக்கு இடையில், கொதிகலனுக்குப் பின்னால்,
வாய்க்குள்ளேயே பச்சானா, பச்சானா.
ஓடிய காலுக்குக் கீழே
சிவப்புக் கோடு ஒருமுறை போனது, ஒருமுறை வந்தது.

க்வான்த்ஸா எண்ணுவதை நிறுத்தவில்லை.
இருபத்தேழு, இருபத்தெட்டு,
"தம்பி மேலே போயிட்டான்."

மருத்துவமனையில்
யாரும் சொல்லக் கூடாத வாக்கியம்.

லம்சிரா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
"லிஃப்ட்ல," என்றாள் சிறுமி.
"அந்த அண்ணன் தள்ளிட்டுப் போனார்.
நீதான் அனுப்பினேன்னு நினைச்சேன்."

மூன்றாம் மாடி.
ஏழாம் கட்டிலில் ஒரு வயிற்று ஆபரேஷன்காரர்
தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்:
"நான் போர்வைதானே கேட்டேன்?"

செவிலி கேதினோவின் மேஜைமேல்
வெள்ளையாய் உட்கார்ந்திருந்தான்.
என்ன செய்வதென்று தெரியாதபோது
தனக்குத் தெரிந்ததைச் செய்திருந்தாள் அவள்.
காய்ச்சல் பார்த்து, எடை பார்த்து,
மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டி கட்டியிருந்தாள்.
பெயர்: தெரியவில்லை.
எடை: பதினான்கு கிலோ.
நோய்: இல்லை.

அந்தக் கட்டடத்தில் அன்றிரவு
அப்படி எழுதிய பட்டி அது ஒன்றுதான்.

லம்சிரா அவனை வாரிக்கொண்டாள்.
நன்றி என்றாளா, மன்னியுங்கள் என்றாளா,
கேதினோவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.
"விரிப்பு இன்னும் ரெண்டு வேணும்"
என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

காலை ஆறு மணிக்கு ஷோத்தா எழுதினார்:
விரிப்புகள் நானூற்றுப் பன்னிரண்டு.
கிழிந்தவை ஏழு.
தலையணை உறைகள் என்ற இடத்தில்
க்வான்த்ஸா சொன்னபடி: நாற்பது.

நிறுத்தத்தில் பனி.
போலந்திலிருந்து அழைப்பு.
அவர்கள் மொழியில் அப்பாவுக்கு மாமா என்று பெயர்.
மாமா, மாமா என்று
பட்டி கட்டிய கையை
கைபேசித் திரைமேல் வைத்து அழுத்தினான் பச்சானா.
அந்தப் பக்கம் எல்லாம் இருட்டியிருக்கும்.
"கையை எடுடா, அது என்ன?"
"விளையாட்டுச் சாமான்," என்றாள் லம்சிரா.

பேருந்து வந்தது.
ஆறு வயதுக்குக் கீழே இலவசம்.
ஓட்டுநர் பார்த்த பார்வைக்கு
"ஐந்து," என்றாள் அம்மா.
க்வான்த்ஸா வாயைத் திறக்கவில்லை.
இராத்திரி முழுக்க இல்லாமலே இருந்தவளுக்கு
ஒரு வயது குறைவது
பெரிய விஷயமில்லை.