துளை அடைத்த கூலி

பலகையில் மூன்று கணு.
இரண்டு இறுகியவை, நல்ல பிள்ளைகள்;
மரத்தூளும் பசையும் குழைத்து
விரிசலில் அழுத்தினால் வாயை மூடிக்கொள்ளும்.
மூன்றாவது செத்த கணு.
சுத்தியல் பிடியால் ஒரு தட்டு,
தக்கை போல் கழன்று விழுந்தது.
விழுந்த இடத்தில் மை.

மை என்றுதான் சொல்லவேண்டும்.
நீலக் கறுப்பு, நார் வழியே ஒரு சாண் ஓடியிருந்தது.
ஓக்கின் துவரும் இரும்பும் கூடினால் அப்படித்தான்.
காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
துளையருகே வந்ததும்
நூல் சாய்ந்தது.

“குண்டுச் சிதறல்” என்றான் ஷிமுன்,
மரம் அறுத்துத் தந்தவன்.
ஸ்பாச்வா காட்டு மரங்கள்
போரை விழுங்கிவிட்டுத் தடித்தவை;
அவனுடைய இரண்டு ரம்பங்களின் பல்லை உதிர்த்தவை.
உலோகம் தேடும் கருவியைக் காட்டாமல்
ஒரு கட்டையையும் அவன் தொடுவதில்லை.
இது எப்படித் தப்பியது என்று
கருவியைத் திட்டினான், பிறகு பேட்டரியை,
பிறகு பேட்டரி விற்றவனை.

மேசை கேட்டவர் ஓர்ட்வின்.
கிராட்ஸிலிருந்து தொலைபேசியில்
குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
சாவு வீட்டில் பேசுகிறவர் போல.
“எடுக்காதீர்கள், ல்யெர்க்கா. அப்படியே இருக்கட்டும்.
கண்ணாடியாய்த் தெளிந்த பிசின் ஊற்றுங்கள்.
விலை கூடினால் கூடட்டும்.”

எடுத்தேன்.
மூக்குக் குறடு, அரை மணி நேரம்,
பல் பிடுங்குகிறவளின் பொறுமை.
வந்தது வளைந்த கம்பி, இரண்டு கால்.
வேலி ஆணி.
ஓக் கொட்டை உதிரும் பருவத்தில்
பன்றிகளைக் காட்டுக்குள் விடுவார்கள்;
அவை எல்லை தாண்டாதிருக்க
மரத்துக்கு மரம் முள்கம்பி இழுத்து
அடித்துவைக்கிற ஆணி.

பட்டையிலிருந்து உள்நோக்கி வளையம் எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.
போர் முப்பதாவது வளையத்தில்தான் இருக்கிறது.
சந்தேகத்துக்கு இன்னொரு முறை,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.

படம் பிடித்து அனுப்பினேன்: இது பன்றிவேலி.
ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை.
மறுநாள் வந்தது:
“இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.
விருந்தினரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.”
என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.
முழுப் பூசணியை மறைக்க
ஒரு பானைச் சோறு வேண்டும்;
இதற்கு இருநூறு கிராம் எப்பாக்சி போதும்.

அடியில் நாடா ஒட்டினேன்.
இரண்டுக்கு ஒன்று கலந்தேன், நிதானமாக, நுரைக்காமல்.
ஆணியை வைத்து, விளிம்புவரை ஊற்றி,
விளக்கணைத்துப் போனேன்.

காலையில் துளை காலி.
ஏதோ ஒரு வண்டு, எந்தக் காலத்திலோ,
பக்கவாட்டில் குடைந்த பாதை;
பிசின் அவ்வளவும் அதன் வழியே நடந்து
பலகையின் ஓரத்தில் சொட்டி
என் இடது செருப்பைத் தரையோடு சேர்த்திருந்தது.
செருப்பு இன்னும் அங்கேதான்.
பட்டறைக்கு வருகிறவர்கள்
அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

வண்டின் வாசலை மெழுகால் அடைத்து
மறுபடி ஊற்றினேன்.
ஆணியின் கால்களிலிருந்து குமிழிகள் கிளம்பின.
தீச்சுடரை ஒருமுறை மேலே ஓட்டினேன்; உடைந்தன.
ஒன்று மட்டும் வளைவில் தொற்றிக்கொண்டு
வர மறுத்து, அங்கேயே இறுகிவிட்டது.
தேய்த்து, எண்ணெய் பூசிப் பார்த்தால்
குளத்தின் அடியில் யாரோ தவறவிட்ட சாவி போல
ஆணி.
உண்மையில் அழகாகத்தான் இருந்தது.
அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பட்டியலில் எழுதினேன்:
இறுகிய கணு, இரண்டு.
துளை அடைத்தது, ஒன்று.
பிசின், இரண்டு முறை.
செருப்பு, இடது.
கடைசி வரிக்குக் கொஞ்சம் யோசித்தேன்.
விலை போடவில்லை, பெயர் மட்டும்:
பன்றிவேலி ஆணி.
அவருடைய மொழியில்,
அகராதி பார்த்து, எழுத்துப் பிழையில்லாமல்.